அந்தப் பத்துக் கோடியில் என் பங்கு

இந்தியாவில் பத்துக் கோடிப் பேர் கிரிப்டோ வைத்திருக்கிறார்கள் என்று 2021 அக்டோபரில் ஒரு கணக்கு வந்தது. வெளிநாட்டு இணையதளம் ஒன்று சொன்ன எண். நசரத்பேட்டையில் என் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னேன். "பத்துக் கோடிப் பேரும் முட்டாளா?" என்று கேட்பேன். யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

எதிர்த்துப் பேசத் தெரிந்த ஆள் அங்கே ஒருவன்தான் இருந்தான். அது நான். இந்த மாதிரி எண்கள் எப்படி வீங்குகின்றன என்று அருகிலிருந்து பார்த்தவன். நாற்பது பேருக்கு மேல் நானே சேர்த்துவிட்டிருக்கிறேன். அவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் பெயரில் அப்படி ஒரு கணக்கு இருப்பதே இன்று நினைவிருக்காது.

என் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தப்பு அங்கே நடந்தது. பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூர் நெடுஞ்சாலையில், வெளிவட்டச் சாலைக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. ஜெராக்ஸ், பிரவுசிங், கரண்ட் பில், பான் கார்டு, ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், வருமான வரித் தாக்கல். பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைக் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள் ஷிப்டு முடிந்து வருவார்கள். வந்ததும் ஆதாரை நீட்டுவார்கள். ஓடிபி வந்தால் போனையே கையில் கொடுத்துவிடுவார்கள். "நீங்களே பாத்து போட்டுக்குங்கண்ணா" என்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மட்டுமல்ல, இன்ஜினியர்களும் அப்படித்தான். ஒரு ஊரே தன் போனை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே டீ குடித்துக்கொண்டு நின்றது. அந்த நம்பிக்கையைத்தான் நான் செலவழித்தேன்.

எனக்கு இது 2020-இல் தொடங்கியது. கிரிப்டோ வியாபாரத்துக்கு வங்கிகள் துணை போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் சுற்றறிக்கை விட்டிருந்தது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன். மன்னார்குடியில் பிறந்தவர், சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தவர். "நம்ம ஊரு ஜட்ஜே ஓகே சொல்லிட்டாரு" என்று பேசித் திரிந்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. தன் கட்டுப்பாட்டில் உள்ள வங்கிகளுக்கு இதனால் என்ன சேதம் வந்தது என்று ரிசர்வ் வங்கி காட்டவில்லை, ஆகவே அந்தத் தடை அளவுக்கு மீறியது என்பதுதான் தீர்ப்பின் சாரம். வாங்கு என்று எந்த வரியும் சொல்லவில்லை. நான் படித்தது தலைப்புச் செய்தியை மட்டும்.

அந்த மாதக் கடைசியில் ஊரடங்கு வந்தது. கல்லூரி காலியானது. கடையை மூடினேன். வீட்டில் உட்கார்ந்து வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். கொஞ்சம் பணம் போட்டேன். 2021 தொடக்கத்தில் அது பல மடங்கானது. 2013-இல் விளையாட்டாகத் தொடங்கிய டோஜ்காயின்கூட அந்த மே மாதம் எங்கேயோ போய் நின்றது. அப்போது எதை வாங்கியிருந்தாலும் ஏறியிருக்கும். அதை நான் என் மூளை என்று நம்பினேன். ஊரில் என்னைப் படிவம் நிரப்புகிறவன் என்று பார்த்தவர்கள் இப்போது "மார்க்கெட் எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது.

பிறகு ரெஃபரல். நான் பயன்படுத்திய செயலியில் புதிதாக ஒருவரைச் சேர்த்தால் அவருக்கு நூறு ரூபாய்க்குக் காயின், எனக்கு அவர் கொடுக்கும் கட்டணத்தில் ஒரு பங்கு. பான் அப்டேட் செய்ய வருகிறவரிடம், "அப்படியே இதையும் போட்டுடறேன், நூறு ரூபாய் சும்மா வரும்" என்பேன். ஆதார், பான் இரண்டும் ஏற்கெனவே மேசைமேல் இருக்கும். செல்ஃபிக்கு, "இங்க பாருங்க, கண்ணைச் சிமிட்டுங்க" என்பேன். சிமிட்டுவார்கள். முடிந்தது. ஒரு கிரிப்டோ முதலீட்டாளர் பிறந்துவிட்டார்.

2021 நவம்பரில் அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் சக்திகாந்த தாஸ் இந்த எண்களைச் சந்தேகித்துப் பேசினார். முதலீட்டாளர் எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டதாகத் தெரிகிறது, பெரும்பாலான கணக்குகளில் ஐந்நூறு, ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்தான் இருக்கிறது, கணக்குத் தொடங்கச் சலுகைகள் தரப்படுவதாகவும் கேள்விப்படுகிறோம் என்றார். கிரிக்கெட் மேட்சுக்கு நடுவே ஓவருக்கு ஓவர் கிரிப்டோ விளம்பரம் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. செய்தியைப் படித்தேன். அவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். அந்த ஐந்நூறு ரூபாய்க் கணக்குகளில் சில என் மேசையில் திறந்தவை. ஆனாலும் கடையில் நான் சொன்னது: "பழைய காலத்து ஆளு, அவருக்கு என்ன தெரியும்?"

இதுவரை சொன்னது அற்பத்தனம். இனிச் சொல்லப்போவது வேறு.

எங்கள் தெருவில் ஒரு அக்கா மெஸ் நடத்துகிறார். ஷீட் போட்ட வீட்டின் முன்பக்கம்தான் மெஸ். ஊரடங்கில் மாணவர்கள் போய்விட்டார்கள். 2020 மே மாதம் கோயம்பேடு காய்கறிச் சந்தையைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். அக்கா அங்கே மூட்டை தூக்குகிறவர்களுக்கும் லாரிக்காரர்களுக்கும் விடியற்காலையில் பொட்டலம் கட்டிக் கொண்டுபோய் விற்றார். செப்டம்பர் கடைசியில் சந்தை திரும்பிப் போகும்வரை அதுதான் பிழைப்பு. நான் வீடியோ பார்த்துக்கொண்டிருந்த அதே மாதங்கள். அந்தச் சம்பாத்தியத்தில்தான் ஒரு ஏலச்சீட்டில் சேர்ந்தார். 2022 மார்ச்சில் சீட்டை எடுத்தார். கையில் எண்பதாயிரம். மெயின் ரோட்டில் ஒரு கடை பார்த்து வைத்திருந்தார், அதற்கு அட்வான்ஸ். கடைக்காரர் ஜூனில் காலி செய்து தருவதாகச் சொல்லியிருந்தார்.

"மூணு மாசம் சும்மா கிடக்கும் பணத்தை ஏன்க்கா பீரோவுல வைக்கணும்?" என்றேன். அவர் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். அதை மறைக்க விரும்பவில்லை.

லூனா என்ற காயினை வாங்கிக் கொடுத்தேன். அப்போது ஒன்று ஏழாயிரம் ரூபாய்க்குப் பக்கம். பதினோரு காயின் சொச்சம் வந்தது. அதற்கு யுஎஸ்டி என்று ஒரு ஜோடி உண்டு. அது எப்போதும் ஒரு டாலர் விலையில் நிற்கும், அதைப் போட்டு வைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ இருபது விழுக்காடு வட்டி என்றார்கள். அந்த வட்டி எங்கிருந்து வருகிறது என்று நான் ஒரு முறையும் கேட்கவில்லை. ஜோடி ஒரு டாலருக்குக் கீழே இறங்கினால், அதைக் கொடுத்துவிட்டு ஒரு டாலர் மதிப்புக்குப் புது லூனா எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடினால் என்ன ஆகும்? புது லூனா அச்சாகிக்கொண்டே போகும். அச்சாக அச்சாக விலை விழும். விலை விழ விழ இன்னும் அதிகமாக அச்சாக வேண்டும். 2022 மே மாதம் அதுதான் நடந்தது. முப்பத்தைந்து கோடி அளவில் இருந்த லூனா ஒரு வாரத்தில் ஆறரை லட்சம் கோடி ஆனது. இதை நான் பிறகு படித்தேன். வாங்கும் முன் படித்திருக்கலாம். அப்போதே எழுதி வைத்திருந்தார்கள். இப்படி ஆகலாம் என்று எச்சரித்தவர்களும் இருந்தார்கள்.

மே 10, செவ்வாய்க்கிழமை. காலையில் விலையைப் பார்த்தேன். அக்கா வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்திருந்தது. என்னிடமும் லூனா இருந்தது. விற்றேன். முழுவதையும் விற்றேன். 41,000 ரூபாய் வந்தது.

மதியச் சாப்பாட்டுக் கூட்டம் முடிந்து அக்கா போன் செய்தார். யாரோ மாணவன் சொல்லியிருக்கிறான். "தம்பி, அது ரொம்ப இறங்குதாமே. எடுத்துடலாமா?" என்றார்.

"வேணாம்க்கா. வச்சிருங்க. ஏறிடும்" என்றேன்.

"போன எடுத்துட்டு வரட்டா கடைக்கு?"

"இந்த வெயில்ல ஏன் அலையிறீங்க? நான் பாத்துக்குறேன்."

நான் விற்று நான்கு மணி நேரம்கூட ஆகவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னை நானே பல தடவை கேட்டிருக்கிறேன். நியாயம் தேடித்தான் கேட்டேன், கிடைக்கவில்லை. விற்கச் சொன்னால் நான் தோற்றதாக ஆகிவிடும். அக்கா விற்றால் மெஸ்ஸில் சொல்வார், மெஸ்ஸில் சொன்னால் தெரு முழுக்கத் தெரியும், எல்லாரும் கடைக்கு வருவார்கள் என்ற பயம். இவை இரண்டும் கௌரவமான காரணங்கள் மாதிரி தெரிகின்றன. மூன்றாவது அப்படியில்லை. கடையில் கூட்டம் இருந்தது. செயலி திணறிக்கொண்டிருந்தது. அவர் போனைக் கொண்டுவந்து, ஓடிபி வாங்கி, விற்று, வங்கிக்கு அனுப்ப அரை மணி நேரம் ஆகும். எனக்குச் சோம்பலாக இருந்தது. ஒரு பெண்ணின் கடை அட்வான்ஸ் என் சோம்பலுக்கும் போனது.

அன்று விற்றிருந்தால் அவருக்கு இருபத்தாறாயிரம் வந்திருக்கும். வெள்ளிக்கிழமை பார்த்தபோது பதினோரு காயினும் சேர்ந்து ஒரு ரூபாய்கூடப் பெறவில்லை.

அவருக்கு என்ன ஆனது என்று சொல்ல வேண்டும். கடை வேறொருவருக்குப் போனது. இன்று அங்கே மொபைல் கவர் விற்கிறார்கள். ஏலச்சீட்டில் முன்னாலேயே எடுத்தவர் என்பதால் மீதித் தவணைகளைக் கட்டியாக வேண்டும். இல்லாத பணத்துக்கு மாதா மாதம் கட்டினார். ஒரு ஜோடி வளையல் அடகுக்குப் போனது. ஷீட்டுக்கு அடியில் இன்றும் சமைக்கிறார். என்னைத் திட்டவில்லை. "உனக்கும்தானே போச்சு, பாவம்" என்றார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை மூன்று வருடத்துக்கு மேல் திருத்தவில்லை.

அதே 2022 மே மாதக் கடைசியில் ஆருத்ரா நிதி நிறுவன மோசடி விவகாரம் வெடித்தது. ஒரு லட்சம் பேருக்கு மேல், 2,438 கோடி ரூபாய். என் கடையில் அதைப் பற்றி அதிகம் கொதித்தவன் நான்தான். "ஏழைங்க பணத்தை எப்படிடா மனசு வந்து வாங்குனாங்க?" என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டேன். சிலர் ஆமாம் போட்டார்கள்.

என்னால் மாட்டிக்கொண்ட இன்னொருவர், கம்பெனியில் நிரந்தர வேலையில் இருக்கும் தம்பி. ஆறு லட்சத்துக்கு மேல் சம்பளம். அவனுக்கும் நான்தான் கணக்குத் திறந்தேன். 2022 பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் கிரிப்டோ லாபத்துக்கு 30 விழுக்காடு வரி என்றார். ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. அந்த நிதியாண்டில் அவனுக்கு ஒன்றில் 12,000 லாபம், இன்னொன்றில் 30,000 நஷ்டம். கூட்டிக் கழித்தால் நஷ்டம்தான். சட்டப்படி அந்தப் பன்னிரண்டாயிரத்துக்கு வரி உண்டு, 3,744 ரூபாய். எனக்கு இது தெரியும். ஆனாலும் சம்பளக்காரர்களுக்கான எளிய படிவத்தையே நிரப்பி அனுப்பினேன். முந்நூறு ரூபாய் வாங்கினேன். "நஷ்டம்தானேடா, காட்ட வேணாம்" என்றேன்.

2025 ஜூனில் இப்படிக் காட்டாமல் விட்டவர்களுக்கு வருமான வரித்துறை மின்னஞ்சல் அனுப்பியது. அவனுக்கும் வந்தது. அதை எடுத்துக்கொண்டு என்னிடமே வந்தான். "அண்ணா, இங்கிலீஷ்ல ஏதோ வந்திருக்கு. பயமா இருக்கு. என்னன்னு பாருங்க." தன்னை மாட்டிவிட்டவனிடமே வழி கேட்டு நின்றான். ஒரு நொடி, "இது சும்மா எல்லாருக்கும் வர்றதுடா" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. ஆனால் வாய் வந்தது உண்மை. திருத்திய கணக்கு போட்டோம். வரி, வட்டி, அதற்கு மேல் பாதி கூடுதல் வரி. பணம் நான் கட்டினேன். அவன் அந்த இரண்டு வாரமும் சரியாகத் தூங்கவில்லை என்று அவன் மனைவி பிறகு சொன்னாள்.

எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள், ஏன் வைத்திருக்கிறார்கள் என்று உலகத்தில் நிறையப் பேர் ஆய்வு செய்கிறார்கள். அமெரிக்க மத்திய வங்கி 2021-இல் கேட்டபோது நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் கிரிப்டோவைத் தொட்டிருந்தார்கள். அதில் பதினோரு பேர் முதலீடு என்றார்கள். எதையாவது வாங்கப் பயன்படுத்தியவர்கள் இரண்டு பேர். சுவிட்சர்லாந்தில் பேசல் நகரத்தில் இருக்கும் பன்னாட்டுத் தீர்வு வங்கி 2022-இல் 95 நாடுகளின் செயலிப் பதிவிறக்கங்களைப் பார்த்தது. வங்கிகள் மேல் வெறுப்பு, சுதந்திரமான பணம் என்ற கொள்கையெல்லாம் பெரிய காரணமில்லை, விலை ஏறும்போது ஆட்கள் வருகிறார்கள், அவ்வளவுதான் என்றது. வந்தவர்களில் நான்கில் மூன்று பேர் பிட்காயினில் பணம் இழந்திருக்கக்கூடும் என்றும் கணக்கிட்டது. செயினாலிசிஸ் என்ற நிறுவனத்தின் பட்டியலில் 2023 முதல் மூன்று ஆண்டுகளும் இந்தியாதான் உலகத்தில் முதலிடம். அது தலை எண்ணிப் போட்ட கணக்கு அல்ல. பரிமாற்ற அளவையும் இணைய வருகையையும் வைத்து மதிப்பிடுவது. முன்பு என்றால் அதையும் பத்துக் கோடி மாதிரியே சொல்லித் திரிந்திருப்பேன்.

நான் சேர்த்தவர்கள் ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள் என்று என்னால் சொல்ல முடியும். ஒருவர் போன் நம்பரை மாற்றிவிட்டார், ஓடிபி பழைய நம்பருக்குப் போகிறது. ஒரு பெரியவர் இறந்துவிட்டார், மகனுக்குத் தெரியாது. பலருக்கு இருக்கும் தொகை, வெளியே எடுக்கக் குறைந்தபட்சம் வேண்டிய தொகையைவிடக் குறைவு. மூன்று நான்கு பேர் விற்றால் நஷ்டம் உறுதியாகிவிடும் என்று விற்காமல் இருக்கிறார்கள். ஒரே ஒரு பையன்தான் தெரிந்து வைத்திருக்கிறான். 2021-இல் வாங்கிய பிட்காயினைத் தொடவே இல்லை. 2025 அக்டோபரில் அது ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம் டாலரைத் தொட்டபோது இனிப்போடு வந்தான். "அண்ணா, நீங்க சொல்லித்தான்" என்றான். அந்த இனிப்பைச் சாப்பிட்டேன். அக்காவுக்கும் பிட்காயின் வாங்கிக் கொடுத்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்ற நினைப்பு அன்று வந்தது. சுகமான நினைப்பு. ஆனால் அவருக்கு ஜூனில் பணம் வேண்டும் என்று தெரிந்தே செய்தவன் நான். எந்தக் காயினாக இருந்தாலும் அது அவருக்கு ஏற்ற இடமில்லை.

அதே அக்டோபர் 25 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஒரு தீர்ப்புச் சொன்னார். 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் தளத்தில் திருட்டு நடந்து கணக்குகள் முடக்கப்பட்டபோது, 1,98,516 ரூபாய் போட்டு வாங்கிய 3,532 எக்ஸ்ஆர்பி காயின்கள் மாட்டிக்கொண்ட ஒருவர் தொடுத்த வழக்கு. கிரிப்டோ கையால் தொடும் பொருள் அல்ல, நாணயமும் அல்ல, ஆனால் அது சொத்து, ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பேற்று வைத்திருக்கக்கூடிய சொத்து என்றார் நீதிபதி. கடையில் ஒரு பையன், "பாத்தீங்களாண்ணா, கோர்ட்டே சொல்லிடுச்சு" என்றான். நானும் உடனே பக்கத்தில் நின்றவரிடம், "ஆமா, ஹைகோர்ட்டே..." என்று தொடங்கினேன். பாதியில் நிறுத்தினேன். மறுபடியும் தலைப்பை மட்டும் படித்திருந்தேன்.

இந்தத் தடவை முழுச் செய்தியையும் தேடிப் படித்தேன். இன்னொருவருக்காகப் பொறுப்பேற்று வைத்திருப்பது என்ற இடத்தில் நின்றேன். என் டிராயரில் ஒரு நோட்டு இருக்கிறது. நாற்பது பேரின் பாஸ்வேர்டு அதில் என் கையெழுத்தில் இருக்கிறது. அக்காவின் பெயர் மூன்றாவது பக்கம். பழைய லூனா இன்னும் வேறு பெயரில் புழங்குகிறது. எந்தக் கணக்கெடுப்பு வந்தாலும் அக்கா அதில் ஒரு கிரிப்டோ உரிமையாளர்.

தீபாவளி விடுமுறை முடிந்து மெஸ் திறந்திருந்தது. மாலையில் போனேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். அன்று காலையில் நான் விற்றுவிட்டேன் என்று.

"அப்ப உனக்குப் பணம் வந்துச்சா?"

"வந்துச்சுக்கா."

"எவ்ளோ?"

"நாப்பத்தோராயிரம்."

உரித்துக்கொண்டே இருந்தார். "நான் கேட்டன்னிக்கே எடுத்திருந்தா எனக்கு எவ்ளோ வந்திருக்கும்?"

"இருபத்தாறு வந்திருக்கும்."

"அதைக் குடு. மிச்சம் நான் ஆசப்பட்டது. நீ சொன்னது பொய்யாச்சே, அதுக்கு நீ குடு."

அழுவார், திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் கணக்குப் போட்டார். என்னைவிடச் சரியாகப் போட்டார்.

மாதம் இரண்டாயிரம் என்று பேச்சு. நாற்பது பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கணக்கை மூடிக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். பாதிப் பேர் கிடைக்கவில்லை. அக்காவுக்கு மூன்றாவது மாதத் தவணையை நான்கு நாள் தள்ளிக் கொடுத்தேன். கடை வாடகை என்றேன். வாடகை உண்மைதான். ஆனால் அந்த வாரம் ஐந்நூறு ரூபாய்க்குப் பிட்காயின் வாங்கியிருந்தேன். அக்டோபர் உச்சத்திலிருந்து நன்றாக இறங்கியிருந்தது, மலிவு என்று தோன்றியது. இது அக்காவுக்குத் தெரியாது.